யு/ஏ 13+ போட்டிருந்தா பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகலாமா? குடும்பப் படத்தை எடை போடுவது எப்படி?

அம்பைவாசன்:
பண்டிகைக்கு வர்ற பெரிய படம் எதுவானாலும் போஸ்டர்ல "குடும்பத்தோடு கொண்டாடுங்கள்"னு போட்டுடறாங்க. விமர்சனம் பேசுறவங்களோ முதல் பாதி வேகம், ரெண்டாம் பாதி இழுவை, பின்னணி இசை மிரட்டல் என்பதோட முடிச்சுக்கிறாங்க. தாத்தா பாட்டி, எட்டாம் வகுப்புப் பையன், மூணாம் வகுப்புப் பொண்ணு எல்லாரும் ஒரே வரிசையில உட்கார்ந்து நெளியாம பார்க்க முடியுமான்னு யாருமே சொல்றதில்லை.

என் கேள்வி ரெண்டு. தணிக்கைச் சான்றிதழை எந்த அளவுக்கு நம்பலாம்? அதைத் தாண்டி ஒரு வீடு எதை எதைப் பார்க்கணும்? பெரியவங்களுக்கு மரியாதை, கல்யாணத்துக்கு மதிப்பு, நாவடக்கம், குடி கூடாதுங்கிறது. இதெல்லாம் வேணும்னு நினைக்கிற வீடுகளுக்கான விவாத இழை இது. அந்த நோக்கமே தப்புன்னு வாதம் பண்ண விரும்புறவங்க தனி இழை தொடங்கலாம்.

ரீல்பெட்டி:
முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் தருகிறேன்.

1983 வரை யு, ஏ என்று இரண்டு வகைதான். அந்த ஆண்டுதான் யு/ஏ-வும், மருத்துவர் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டுமான எஸ்-ஸும் சேர்ந்தன. 12 வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோர் யோசனையோடு பார்க்க வேண்டியது என்பது பழைய யு/ஏ-வின் பொருள். 2023 சட்டத் திருத்தமும் அதற்கான 2024 மார்ச் விதிகளும் அதை யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ என மூன்றாகப் பிரித்தன. புதிய படங்களுக்கு இந்த எண் உண்டு. பழைய படத்தில் எண் இல்லாமல் வெறும் யு/ஏ என்று இருந்தால் அதை 7+ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்று 16+ வாங்கக்கூடிய படமும் அதே பழைய முத்திரையோடுதான் இருக்கும்.

பலர் தவறாக நினைக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த வயது எண் பெற்றோருக்கான குறிப்பு மட்டுமே. தியேட்டர்காரர் சட்டப்படி தடுக்க வேண்டியது ஏ படத்துக்கு வரும் 18 வயது நிரம்பாதவர்களைத்தான். பத்து வயதுப் பிள்ளையோடு 16+ படத்துக்குப் போனால் வாசலில் யாரும் நிறுத்த வேண்டியதில்லை. "உள்ளே விட்டாங்களே, அப்ப பார்க்கலாம்தானே" என்பது செல்லாது.

தணிக்கைக் குழு எதைப் பார்க்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதல் நிலையில் ஒரு அதிகாரியும் ஆலோசனைக் குழு உறுப்பினர்கள் நால்வரும் படத்தைப் பார்க்கிறார்கள். ரத்தம், ஆபாசம், கெட்ட வார்த்தை, போதைப்பொருள், மதம் சாதியைப் புண்படுத்தும் வசனம் ஆகியவற்றைக் கவனிப்பார்கள். மகன் அப்பாவை நாலு பேர் முன்னால் மட்டம் தட்டிப் பேசி கைதட்டல் வாங்கினால் அதற்கு வெட்டும் கிடையாது, வயது எண்ணும் ஏறாது. உங்கள் வீட்டுக்கு அதுதான் பெரிய விஷயம் என்றால் சான்றிதழில் தேடிப் பயனில்லை.

இந்த அளவுகோலும் காலத்துக்குக் காலம் நகர்கிறது. தமிழில் முதன்முதலில் ஏ வாங்கிய படம் 1951-ல் வந்த ‘மர்மயோகி’. காரணம் அதில் வரும் ஆவிக் காட்சிகள். இன்று அதை எந்த வீட்டிலும் பகலில் டிவியில் போட்டுப் பார்ப்பார்கள்.

அம்பைவாசன்:
அப்ப "பத்து வருஷம் முன்னாடி வந்த படமெல்லாம் யு, இப்பதான் கெட்டுப்போச்சு"ன்னு சொல்றாங்களே சார், அது?

ரீல்பெட்டி:
அதில் வரிக்குப் பெரிய பங்கு உண்டு. 2006-ல் தமிழில் தலைப்பு வைத்தால் கேளிக்கை வரி விலக்கு வந்தது. 2011-ல் தலைப்பு மட்டும் போதாது, யு சான்றிதழும் வேண்டும், கதை தமிழ்ப் பண்பாட்டை ஒட்டி இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் சேர்ந்தன. வரி 30 சதவீதம் வரை போகும் என்பதால் தயாரிப்பாளருக்கு யு என்பது நேரடிப் பணம். யு/ஏ தருகிறோம் என்று குழு சொன்னால், இரண்டு வசனத்தை மியூட் செய்து, ஒரு ஷாட்டைச் சுருக்கி யு வாங்கிக்கொண்டு போவார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்தத் தூண்டுதல் போய்விட்டது. இப்போது யு/ஏ வந்தால் அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள்.

அதனால் 2011க்கும் 2017க்கும் இடைப்பட்ட யு முத்திரையை இன்றைய யு/ஏ-வோடு வைத்து ஒழுக்கம் அளக்க முடியாது. வாயசைவு தெரிந்து சத்தம் மட்டும் இல்லாத யு படங்கள் அந்த ஆறு ஆண்டுகளில் ஏராளம். பன்னிரண்டு வயதுப் பையன் வாயசைவைப் படித்துவிடுவான்.

தமிழ்க்குடில்:
சான்றிதழை நான் பார்ப்பதே இல்லை. என் அளவுகோல் எளிது. டாஸ்மாக் காட்சி இருந்தால் வேண்டாம். அப்பாவை "யோவ் பெருசு" என்று கூப்பிடும் பிள்ளை கதாநாயகன் என்றால் வேண்டாம். தாலியைக் கழற்றி எறிவதை வீரமாகக் காட்டினால் வேண்டாம். வாத்தியாரைக் கோமாளியாக்கினால் வேண்டாம். இரட்டை அர்த்தம் ஒன்று வந்தாலும் வேண்டாம். பெற்றோர் சொல்லை மீறி ஓடிப்போவதைத் தியாகமாகக் காட்டும் படமும் வேண்டாம். இவற்றில் ஒன்று இருந்தாலே கழித்துக்கட்டிவிட வேண்டும். அப்படிச் செய்தால் ஆண்டுக்கு மூன்று நான்கு படம்தான் மிஞ்சும். மிஞ்சட்டும்.

கௌசல்யா_திருச்சி:
தமிழ்க்குடில் ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் ‘இருந்தாலே வேண்டாம்’ என்று வைத்தால், குடியால் ஒரு குடும்பம் சீரழிவதைக் காட்டும் படத்தையும் கழிக்க வேண்டிவரும். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியதே அதைத்தானே? காட்சி இருக்கிறதா என்று கேட்பதைவிட, படம் அந்தக் காட்சியை எந்தப் பக்கம் நின்று பார்க்கிறது என்று கேட்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

குடிக்கும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். ஐந்து விஷயம் பாருங்கள். யார் குடிக்கிறார், கதாநாயகனா வில்லனா? தனியாகவா, கும்பலாகச் சிரித்துக்கொண்டா? பின்னால் என்ன இசை, சோக வயலினா குத்துப் பாட்டா? பாட்டில் திறப்பது, ஊற்றுவது, நுரை பொங்குவதைக் குளோசப்பில் அழகுபடுத்தி எடுத்திருக்கிறார்களா? மறுநாள் காலை என்ன ஆகிறது? கடைசிக் கேள்விதான் முக்கியம். பெரும்பாலான படங்களில் மறுநாள் ஒன்றுமே ஆகாது. கதாநாயகன் குளித்து முடித்து, வெள்ளைச் சட்டை போட்டு நேராக வேலைக்குப் போவான். வாந்தி கிடையாது, கடன் கிடையாது, அம்மாவின் முகம் கிடையாது. கீழே "உடல்நலத்திற்குக் கேடு" என்று ஒரு வரி ஓடும். அந்த வரியை மேலே நடக்கும் கொண்டாட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். புகைக்கும் அதே கதைதான். படத் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் 30 விநாடி விழிப்புணர்வுப் படம் போட வேண்டும் என்பது 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளைகள் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அவர்கள் கையில் பென்சிலை வைத்து நடித்துக் காட்டுவது கதாநாயகன் சிகரெட் பற்றவைக்கும் தோரணையைத்தான்.

அடுத்தது, ஒரு பெண்ணின் பின்னாலேயே சுற்றும் காதல். முத்தக்காட்சியைக் கண்டால் கண்ணை மூடச் சொல்லும் வீடுகள்கூட இதைச் சிரித்துக்கொண்டே பார்க்கின்றன. எனக்கு இதுதான் இரண்டு மடங்கு ஆபத்தாகப் படுகிறது. அவள் ‘வேண்டாம்’ என்று எத்தனை முறை சொல்கிறாள் என்று எண்ணுங்கள். பஸ் ஸ்டாப்பில் ஒரு முறை, கல்லூரி வாசலில் ஒரு முறை, தோழி மூலமாக ஒரு முறை. ஒவ்வொரு முறையும் நண்பன் கூட்டம் சிரிக்கிறதா? கடைசியில் அவளுக்குக் காதல் வந்துவிடுகிறதா? வந்துவிட்டால், வேண்டாம் என்றாலும் விடாதே, விடாமல் நின்றால் பரிசு உண்டு என்று அந்தப் படம் பையனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. இதற்கு யு சான்றிதழ் தாராளமாகக் கிடைக்கும். ஒரு துளி ரத்தம் இல்லை, ஆடை குறைவு இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. பெண் பிள்ளை இருக்கும் வீடு, அதைவிட ஆண் பிள்ளை இருக்கும் வீடு, இதற்குத்தான் முதல் மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும்.

அப்பா மகன் காட்சிக்கு ஒரு சோதனை. மகன் எதிர்த்துப் பேசுவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். அப்பா பதில் பேச எழுத்தாளர் இடம் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். அப்பாவுக்கு ஒரு நியாயம்கூடக் கொடுக்காமல், அவரைக் கத்த மட்டும் விட்டு, மகனுக்குக் கைதட்டல் வாங்கித் தந்தால் அது சோம்பேறி எழுத்து. இருவருக்கும் நியாயம் இருந்து மோதினால் அதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்தே பார்க்கலாம், வீட்டுக்கு வந்து பேசவும் செய்யலாம்.

பெரும்பாலும் எங்கே தேட வேண்டும் என்றால், கதாநாயகன் அறிமுகம் முதல் முதல் பாட்டு வரை ஒன்று. அவன் எதற்காகக் கொண்டாடப்படுகிறான் என்பது அங்கேயே தெரிந்துவிடும். காமெடி டிராக் இரண்டாவது. இரட்டை அர்த்தமும், உடல் குறையைக் கேலி செய்வதும், மனைவியை மட்டம் தட்டுவதும் முக்கால்வாசி அங்கேதான் ஒளிந்திருக்கும். கடைசி இருபது நிமிடம் மூன்றாவது. கொலைக்கு விலை உண்டா, இல்லை போலீஸே கும்பிட்டு அனுப்பி வைக்கிறதா?

மாறன்_கே:
அக்கா, பாட்டை விட்டுட்டீங்களே. படம் ஓடி முடிஞ்சு ரெண்டு மாசத்துல மறந்துடும். பாட்டு ரெண்டு வருஷம் ஓடும். பள்ளி ஆண்டு விழாவுல மேடையேறுது. நாலாவது படிக்கிற பிள்ளைகள் பார் பாட்டுக்கு ஸ்டெப் போடுறாங்க, பெத்தவங்க வீடியோ எடுக்கிறாங்க.

கௌசல்யா_திருச்சி:
சரியாகச் சொன்னீங்க தம்பி. பாட்டு படத்துக்கு முன்னாடியே வந்துவிடுவதால் அதுதான் நமக்குக் கிடைக்கும் முதல் சாட்சியும்கூட. ஐந்து பாட்டின் வரிகளையும் தாளம் இல்லாமல் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். ஆடும்போது காதில் விழாத வரி படிக்கும்போது உறைக்கும். பெண்ணைத் தின்பண்டமாகவோ வண்டியாகவோ சொல்லும் வரி இரண்டு பாட்டில் இருந்தால், படத்தின் கண்ணோட்டமும் அதுதான் என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

நிலா_மதுரை:
நானும் கட்டுப்பாடான வீடுதான் வேணும்னு நினைக்கிறவள். ஆனா தமிழ்க்குடில் அண்ணன் பட்டியல்ல கடைசியா ஒண்ணு இருக்கே, ஓடிப்போறதைக் காட்டக் கூடாதுன்னு, அதுல எனக்கு உடன்பாடில்லை.

அதே அளவுகோலால "குடும்ப மானம்"னு அரிவாள் தூக்குற படத்தையும் அளங்க. மீசையை முறுக்கிட்டு, வெள்ளை வேட்டியில வரிசையா நடந்து வந்து, தங்கச்சி காதலிச்ச பையனை அடிச்சுப் போட்டு, அதுக்குப் பின்னணியில மத்தளம் முழங்கும். முத்தம் இல்லை, குடி இல்லை, எல்லாரும் பெரியவங்க காலைத் தொட்டுக் கும்பிடுறாங்க. அதனால அது ‘நல்ல குடும்பப் படம்’னு பேர் வாங்கிடுது. ஊர்ப் பேர், தெய்வத்தின் பேர், நெத்தியில பூசுற முறை, சுவர்ல மாட்டின படம், இதையெல்லாம் வச்சு எந்தச் சாதிப் பெருமைன்னு சாதி பேர் சொல்லாமலே சொல்லிடுவாங்க. பிள்ளைகளுக்குப் புரியாதுன்னு நினைக்காதீங்க. பள்ளிக்கூடத்துல கையில கலர் கயிறு கட்டுற வயசு அதுதான்.

பெரியவங்களை மதிக்கிறது வேற, பெரியவங்க கொலை பண்ணினா கைதட்டுறது வேற. முதல்ல சொன்னது குடும்ப விழுமியம். ரெண்டாவது அது இல்லை.

தமிழ்க்குடில்:
தங்கச்சி, அரிவாள் தூக்கும் படத்தை நான் குடும்பப் படம் என்று எங்கும் சொல்லவில்லை. உயிரை எடுப்பது எந்தப் பண்பாட்டிலும் சேராது. அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஓடிப்போவது பற்றிய என் கருத்து அப்படியேதான். இருபது வருடம் வளர்த்தவர்களிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்க்காமல் பஸ் ஏறுவதை உச்சக்கட்ட இன்பமாகக் காட்டி, ‘சுபம்’ போட்டுவிடுகிறார்கள். மறுநாள் அந்த வீட்டில் என்ன நடக்கிறது? வாடகை யார் கொடுப்பார்? பிரசவத்துக்கு யார் வருவார்? குடிக்காட்சிக்குக் கௌசல்யா அம்மா கேட்ட ‘மறுநாள் காலை’ கேள்வியை இதற்கும் கேட்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

நிலா_மதுரை:
அந்தக் கேள்வி நியாயம்தான் அண்ணா. அதோட இன்னொண்ணும் கேக்கணும். பேசிப் பார்க்க அந்த வீட்ல அவளுக்கு இடம் இருந்துச்சான்னு படம் காட்டுதா? ரெண்டையும் காட்டுற படத்தைப் பதினாறு வயசுப் பொண்ணோட உக்காந்து பார்க்கலாம்னுதான் நான் சொல்வேன்.

மாறன்_கே:
இதெல்லாம் படம் பார்த்த பிறகு தெரியற விஷயம். டிக்கெட் எடுக்கிறதுக்கு முன்னாடி எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ரீல்பெட்டி:
முழுதாகத் தெரியாது. முக்கால்வாசி தெரியும்.

டிக்கெட் ஆப்பில் படத்தின் பெயருக்குக் கீழே சான்றிதழும் நீளமும் இருக்கும். எண்ணோடு சேர்த்துப் பாருங்கள். 2 மணி 50 நிமிடம், யு/ஏ 16+ என்றால் சின்னப் பிள்ளை கணக்கிலேயே வராது. மொழிமாற்றுப் படமா என்றும் பாருங்கள். மொழிமாற்றிய பதிப்புக்குத் தனியாகச் சான்று வாங்க வேண்டும். தெலுங்கில் ஒரு மாதிரி இருந்த நகைச்சுவை தமிழில் வேறு வசனமாக மாறியிருக்கலாம், மோசமாகவும் மாறியிருக்கலாம்.

ஐஎம்டிபி தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பெற்றோர் வழிகாட்டி என்று ஒரு பகுதி உண்டு. ஆபாசம், வன்முறை, கெட்ட வார்த்தை, மது புகை போதை, பயமுறுத்தும் காட்சி என ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றிலும் இல்லை, லேசு, நடுத்தரம், கடுமை என்று பார்வையாளர்கள் வாக்களிப்பார்கள். அமெரிக்கப் படங்களுக்கு விவரம் நிறைய இருக்கும். தமிழ்ப் படத்துக்கு முதல் வாரம் பெரும்பாலும் காலியாகவோ, ரசிகர்கள் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டோ இருக்கும். வாக்கு எண்ணிக்கையைப் பாருங்கள். நாலைந்து வாக்கு என்றால் ஒதுக்கிவிடுங்கள்.

அமெரிக்காவில் ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி என்ற கிறிஸ்தவ அமைப்பு ‘பிளக்டு இன்’ என்று ஒரு விமர்சனத் தளம் நடத்துகிறது. அவர்களுடைய சமயக் கருத்து நமக்குப் பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் எழுதும் முறை கற்றுக்கொள்ள வேண்டியது. படத்தில் உள்ள நல்ல அம்சங்களை முதலில் எழுதிவிட்டு, பிறகு ஆபாசம், வன்முறை, வசை, மது என ஒவ்வொன்றாக, என்ன காட்சி வருகிறது என்றே எழுதிவிடுகிறார்கள். ‘மோசம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பதில்லை. முடிவைப் பெற்றோரிடம் விடுகிறார்கள். தமிழில் அப்படி ஒன்று இல்லாதது பெருங்குறை. இந்த இழையில் எழுதுகிறவர்களாவது அப்படி எழுதலாம். ‘ஆபாசம் அதிகம்’ என்று போடுவதைவிட, ‘இடைவேளைக்குப் பிறகு மூன்றாவது காட்சி, ஐந்து நிமிடப் பாட்டு, பெண்ணின் முகம் வருவதற்கு முன்பே கேமரா இடுப்பில் நிற்கிறது’ என்று எழுதினால் நாலு வீட்டுக்கு உதவும்.

முதல் மூன்று நாள் பொறுத்திருப்பது நல்லது. வெள்ளி காலைக் காட்சி ரசிகர் கூட்டத்துக்கானது. திங்கள்கிழமைக்குள் குடும்பமாகப் போனவர்களின் கருத்து வந்துவிடும். போய் வந்தவர்களிடம் "படம் எப்படி?" என்று கேட்காதீர்கள். "உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி போவீர்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்ல எவ்வளவு தயங்குகிறார்கள் என்பதே பாதி விமர்சனம்.

கௌசல்யா_திருச்சி:
சின்னப் பிள்ளைகளுக்குக் காட்சியைவிட ஒலி அதிகம் பாதிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்டுக் காயத்தைக் காட்டாமல் மங்கலாக்கியிருப்பார்கள். ஆனால் எலும்பு முறியும் சத்தமும் அலறலும் முழுதாக வரும். எட்டு வயதுக்குக் கீழ் என்றால் பக்கவாட்டு ஸ்பீக்கரை ஒட்டிய இருக்கை வேண்டாம். நடைபாதை ஓர இருக்கை எடுத்தால் வெளியே அழைத்துக்கொண்டு போவது எளிது. கண்ணை மட்டும் மூடிவிட்டால் பயம் கூடத்தான் செய்யும். சத்தத்துக்கு ஏற்ற காட்சியைப் பிள்ளை தானே கற்பனை செய்துகொள்ளும்.

செட்டாப்பாக்ஸ்:
தியேட்டர் பத்தியே பேசறீங்க. நூறு நாள் ஓடினாலும் தியேட்டர்ல ஒரு தடவைதான். வீட்ல ஓடிடில அதே படம் பத்துத் தடவை ஓடும்.

2021 தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதிப்படி ஓடிடி தளங்களும் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ-ன்னு வயசு வகை போடணும். ஆனா தங்களுடைய சொந்த உள்ளடக்கத்துக்கு அவங்களே போட்டுக்கிற வகை அது, தணிக்கைக் குழு பார்த்துப் போட்டதில்லை. 13+க்கும் அதுக்கு மேல உள்ள எல்லாத்துக்கும் பெற்றோர் பூட்டு வசதி தரணும்னும் விதி இருக்கு. வசதி இருக்குதே தவிர நீங்க போடலைன்னா பூட்டு திறந்தேதான் இருக்கும்.

நெட்ஃபிளிக்ஸ்ல அக்கவுண்ட் பக்கம் போய், பிள்ளையோட புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, பார்க்கும் கட்டுப்பாடுங்கிற இடத்துல வயசு வகையை வைங்க. அதே இடத்துல படத்தோட பேர் போட்டுத் தனியா மறைக்கவும் முடியும். யு/ஏ 13+ அனுமதிச்சுட்டு ஒரு குறிப்பிட்ட படத்தை மட்டும் தடுக்கணும்னா இதுதான் வழி. அடுத்து பெரியவங்க புரொஃபைலுக்கு ரகசிய எண் (PIN) போடுங்க. பிள்ளை புரொஃபைலுக்குக் கட்டுப்பாடு வச்சுட்டு அப்பா புரொஃபைலைத் திறந்து வைக்கிறதுதான் பெரும்பாலான வீட்ல நடக்கிற ஓட்டை. முன்னோட்டம் தானா ஓடுறதையும் அணைச்சுடுங்க. அணைக்கலைன்னா, எதுவும் தேர்ந்தெடுக்காம முகப்புல நின்னாலே காட்சி ஓட ஆரம்பிச்சுடும்.

செல்போன்ல இருந்து டிவிக்கு காஸ்ட் பண்ணினா போன்ல எந்த புரொஃபைல் திறந்திருக்கோ அதுதான் செல்லும். டிவியில போட்ட பூட்டு அங்க வேலை செய்யாது. யூடியூப் கட்டுப்பாட்டு முறையும் அப்படித்தான். ஒவ்வொரு கருவியிலயும் தனித்தனியா போடணும்.

அம்பைவாசன்:
டிவியில போட்ட படத்தை வீட்ல எல்லாருமா பார்த்தோம்னா, அதே படத்தை ஓடிடில தைரியமா போடலாம்தானே?

செட்டாப்பாக்ஸ்:
அது கூடாது அண்ணா. 2006-ல மும்பை உயர் நீதிமன்றம் டிவியில யு, யு/ஏ மட்டும்தான் போடணும்னு சொல்லிடுச்சு. அதனால தியேட்டர்ல ஏ வாங்கின படம் டிவிக்கு வரணும்னா வெட்டிட்டு மறுபடி சான்று வாங்கிட்டு வரும். இதுக்குத் தனிச் சான்று தர்ற அதிகாரத்தை 2023 திருத்தத்துல சட்டத்துலயே சேர்த்துட்டாங்க. ஓடிடில இருக்கிறது பெரும்பாலும் தியேட்டர் பதிப்பு, சில நேரம் வெட்டே இல்லாதது. நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்க. விளம்பரத்தைக் கழிச்ச பிறகும் டிவி பதிப்பு பத்து நிமிஷம் குறைவா இருந்தா, அந்தப் பத்து நிமிஷம் என்னன்னு நீங்க தனியா பார்த்துட்டு அப்புறம் பிள்ளைகளைக் கூப்பிடுங்க.